சொற்பொழிவுக்கு மறுநாள்

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் உள்ள யேல் கல்லூரிக்கு 1883ஆம் ஆண்டில் 80,000 டாலர் அறக்கட்டளையாக ஒதுக்கப்பட்டது. ஹெப்சா ஈலி சில்லிமன் என்ற அம்மையாரின் நினைவாக, அவருடைய பிள்ளைகள் தரும் காணிக்கை என்று எழுதிவைக்கப்பட்ட பணம் அது. அதன் வருமானத்தில் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவுத் தொடர் நடக்க வேண்டும். இயற்கையிலும் மனித ஒழுக்கத்திலும் வெளிப்படும் கடவுளின் இருப்பையும் அறிவையும் கருணையையும் அது விளக்க வேண்டும். இதுதான் நிபந்தனை. ஆனால் சமயக் கோட்பாட்டுச் சண்டைகளுக்கு அந்த மேடையில் இடமில்லை என்றும் அதே சாசனம் தெளிவாகச் சொன்னது. இயற்கையின் உண்மைகளை உள்ளபடி எடுத்துச் சொல்வதே கடவுளைப் பற்றிச் சொல்வதற்கு நல்ல வழி என்று கொடுத்தவர்கள் நம்பினார்கள். வானியல், வேதியியல், நிலவியல், உடற்கூறியல் ஆகியவற்றுக்கு முதன்மை தரச் சொன்னார்கள். பெரிய மனம் படைத்தவர்கள் எழுதிய சாசனம் அது.

அந்த மேடையில் 1903இல் முதலாவதாகப் பேசியவர் எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன். 1935இல் எட்வின் ஹபிள் வந்தார். தொலைதூர விண்மீன் மண்டலங்களைப் பற்றி அவர் பேசியது மறு ஆண்டே நூலாகி, இன்றுவரை படிக்கப்படுகிறது. 1963இல் சுப்ரமணியன் சந்திரசேகர் வந்தார். தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு திரவ உருண்டை என்னென்ன வடிவங்களை எடுக்கும், எந்தக் கட்டத்தில் நிலைகுலையும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். நியூட்டன் தொடங்கி மெக்லாரின், யாக்கோபி, டெடெகிண்ட், ரீமான் என்று பெரிய கணித மேதைகள் தொட்டு, பின் வந்தவர்கள் பாதியில் விட்டுவிட்ட கேள்வி அது. பேசி முடித்ததோடு சந்திரசேகர் அதை மூட்டை கட்டவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1969இல்தான் அந்தச் சொற்பொழிவுகள் நூலாக வந்தன. இடைப்பட்ட காலத்தில் பழைய பிழைகள் திருத்தப்பட்டன, விடுபட்ட இடங்கள் நிரப்பப்பட்டன. அம்மாவின் நினைவுக்காகப் பிள்ளைகள் வைத்த பணம் எண்பது ஆண்டுகள் கழித்து இப்படிப் பலன் தந்தது.

அறக்கட்டளைச் சொற்பொழிவு நமக்குப் புதிதல்ல. நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் எத்தனையோ பேர் பெயரில் அது நடக்கிறது, நூலாகவும் வருகிறது. கோட்பாட்டு வானியற்பியலில் அதற்குக் கூடுதலாக ஒரு தேவை உண்டு. அந்தத் துறை அறிஞருக்குத் தொலைநோக்கி வேண்டாம், ஆய்வுக்கூடமும் வேண்டாம். தாளும் பேனாவும், எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேச ஓர் ஆளும் இருந்தால் போதும். அந்த ஆளை ஊர்விட்டு ஊர் அழைத்துவரும் செலவை யாராவது ஏற்க வேண்டும். அறக்கட்டளைகள் செய்தது அதைத்தான்.

ஆக்ஸ்ஃபோர்டின் ஹாலி சொற்பொழிவு 1910இல் பிறந்தது. ஹாலி வால்மீன் திரும்பி வந்த ஆண்டு அது. டைனமோ வளர்ச்சியில் பெரும் பங்காற்றிய மான்செஸ்டர் பொறியாளர் ஹென்றி வைல்ட் பணம் கொடுத்தார், முதல் சொற்பொழிவையும் அவரே ஆற்றினார். அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஓர் இளைஞர் சட்டம் படிக்க ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் ஹபிள். 1934இல் அதே ஹாலி சொற்பொழிவுக்கு விருந்தினராகத் திரும்பி வந்து, விண்மீன் மண்டலங்களின் நிறமாலைச் செந்நகர்வைப் பற்றிப் பேசினார். அவருக்கு முன்பு 1930இல் ஆர்தர் எடிங்டன் நம் பால்வெளி மண்டலத்தின் சுழற்சியைப் பற்றியும், 1933இல் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் விண்மீன்கள் எதனால் ஆனவை என்பதைப் பற்றியும் பேசியிருந்தார்கள். 1972இல் சந்திரசேகர் பேசினார். வானியலில் பொதுச் சார்பியலின் பங்கு பெருகி வருவதுதான் அவர் பொருள். சிறு நூலாகவோ ஆய்விதழ்க் கட்டுரையாகவோ வெளிவந்த இந்தச் சொற்பொழிவுகளை வரிசையாக அடுக்கிப் படித்தாலே அந்தத் துறையின் வரலாறு கிடைத்துவிடும்.

அன்றைய சொற்பொழிவின் வலிமை அது கொண்டுவந்த செய்தியில் இருந்தது. ஐரோப்பாவில் அச்சான ஆய்விதழ் கப்பலேறி மற்ற ஊர்களுக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதில் வராத செய்தி, இன்னும் அச்சேறாத செய்தி, ஆள் வந்தால்தான் வரும்.

1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் உலகப் பயணத்தின் நடுவே சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். அங்கே படித்துக்கொண்டிருந்த சந்திரசேகருக்கு அப்போது பதினெட்டு வயது. சோமர்ஃபெல்டின் அணு அமைப்பு நூலை அவர் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார். மறுநாள் சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய் அவரைப் பார்த்தார். பெரியவர் சொன்னது இளைஞரைத் தூக்கிவாரிப் போட்டது. நீ படித்த நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது, ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் ஆகியோரின் வேலையால் எல்லாமே மாறிவிட்டது என்பதுதான் அதன் சாரம். அப்படிச் சொன்னவர் பையனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகங்களில் எலக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் புதிய புள்ளியியலால் விளக்கும் தம் கட்டுரையின் மெய்ப்புப்படிகளைக் கையில் கொடுத்தார். அந்தக் கட்டுரை அப்போது வெளிவந்திருக்கவில்லை.

அந்த மெய்ப்புப்படிகளை ஊன்றிப் படித்து, அந்தப் புள்ளியியலைக் கொண்டே சந்திரசேகர் ஒரு கட்டுரை எழுதி கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். 1929இல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1930 ஜூலை இறுதியில் இங்கிலாந்துக்குப் போகப் பம்பாயில் கப்பலேறினார். பயணத்தில் அவர் போட்ட கணக்கில் அதே புள்ளியியலும் சிறப்புச் சார்பியலும் ஒன்றுசேர்ந்தன. வெண்குறுமீன் ஒன்றின் நிறைக்கு உச்ச வரம்பு உண்டு என்ற முடிவு கிடைத்தது. நட்சத்திரங்களின் இறுதிக் காலத்தைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பவற்றுக்கு அந்த வரம்பு ஓர் அடிக்கல். சோமர்ஃபெல்ட் பேசிவிட்டு அன்றிரவே ரயிலேறியிருந்தால் இவ்வளவும் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். சந்திரசேகர் எப்படியும் பெரிய ஆளாகியிருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் பதினெட்டு வயதில், சென்னையில், உலகத்தின் முன்வரிசைச் செய்தி அவர் கைக்கு வந்தது அந்த ஓட்டல் அறையில்தான். மேடைப் பேச்சிலிருந்து அது வரவில்லை.

இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு இங்கிலாந்தில் நடந்த ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1919இன் சூரிய கிரகணத்தை அளந்துவிட்டு வந்த எடிங்டன் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் பேசினார். பெண்கள் படித்த நியூனம் கல்லூரிக்கு நான்கே நுழைவுச் சீட்டுகள். சீட்டு கிடைத்த தோழி ஒருத்தி வர முடியாமல் போக, அது செசிலியா பெய்னுக்கு வந்தது. தாவரவியல் படிக்க வந்திருந்த அந்தப் பெண் அறைக்குத் திரும்பி, கேட்டதை ஏறக்குறைய வார்த்தை மாறாமல் எழுதிவைத்தார். மூன்று இரவுகள் தூங்கவில்லை என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதன்பின் அவர் படித்தது இயற்பியல். கேம்பிரிட்ஜ் அன்று பெண்களுக்குப் பட்டம் தராது. 1922இல் லண்டனில் ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநர் ஹார்லோ ஷேப்லி பேசியதைக் கேட்டு, அவரையே நேரில் அணுகி, மறு ஆண்டு ஹார்வர்டு போய்ச் சேர்ந்தார். விண்மீன்களில் மிகப் பெரும் பகுதி ஹைட்ரஜன்தான் என்று 1925இல் தம் ஆய்வேட்டில் கண்டார். அது நடக்கவே முடியாதது என்று ரஸ்ஸல் சொன்னதால், அந்த முடிவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று தம் கையாலேயே எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகளில் ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். மேலே சொன்ன 1933 ஹாலி சொற்பொழிவில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். அந்த மேடைக்கு அன்று பெய்ன் அழைக்கப்படவில்லை.

ஆளை அழைத்துப் பேசவைப்பது, வேலைக்கு ஆள் தேடும் வழியாகவும் அன்று இருந்தது. 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டத்தில் சந்திரசேகரின் நிறை வரம்பை எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் எள்ளி நகையாடினார். அந்த ஆண்டின் இறுதியில், ஷேப்லியின் அழைப்பில், சந்திரசேகர் சில மாதங்கள் வருகைச் சொற்பொழிவாளராக ஹார்வர்டு போனார். இங்கிலாந்தில் முகம் வாடிப்போயிருந்தவரை அங்கே ஆவலோடு கேட்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வானாய்வகத்தின் ஆட்டோ ஸ்ட்ரூவெ அவருக்கு வேலை தர முன்வந்தார். சந்திரசேகர் சென்னைக்கு வந்து லலிதாவை மணந்துகொண்டு, 1937இன் தொடக்கத்தில் யெர்க்ஸில் சேர்ந்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத்தோடுதான்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

முதலில், செய்தி ஆளுக்காகக் காத்திருப்பதில்லை. அச்சேறாத கட்டுரைகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைக்கும் ஆர்க்கைவ் களஞ்சியம் 1991இல் தொடங்கியது. மறு ஆண்டே வானியற்பியலுக்கு அதில் தனிப்பிரிவு வந்துவிட்டது. பிரின்ஸ்டனில் இன்று பதிவேறும் கட்டுரையைத் திருநெல்வேலியில் ஒரு முதுகலை மாணவி நாளைக் காலையில் படித்துவிடலாம். வருகைப் பேராசிரியர் மேடையில் சொல்லப்போவதை முன்வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் முன்பே படித்திருக்கிறார்கள். இது பெரிய விடுதலை. மெய்ப்புப்படி யார் கைக்குக் கிடைக்கிறது என்பது இனி அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததல்ல. அதேபோல் நான்கு நுழைவுச் சீட்டுகளின் காலமும் போய்விட்டது. பெங்களூரில் உள்ள கோட்பாட்டு அறிவியலுக்கான பன்னாட்டு மையத்தில், இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் நிதியில், சந்திரசேகர் பெயரிலேயே ஒரு சொற்பொழிவுத் தொடர் நடக்கிறது. அவற்றின் காணொளிகளைக் கையில் போன் உள்ள எவரும் பார்க்கலாம்.

மேடையில் நிற்பவர்களும் அவர்கள் நிற்கும் மேடையின் பெயரும் மாறியிருக்கின்றன. என் மனத்தை மிகவும் தொடுவது இந்த மாற்றம்தான். அமெரிக்க வானியல் கழகம் ரஸ்ஸல் பெயரில் வழங்கும் சொற்பொழிவு விருது 1976இல் செசிலியா பெய்னுக்கு வந்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1982இல் எடிங்டன் நூற்றாண்டு விழாவுக்காக டிரினிட்டியில் சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்டவர் சந்திரசேகர். எடிங்டனைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்று மனதாரப் போற்றினார். அந்த மனிதரின் தவறால் துறைக்கு நேர்ந்த நட்டத்தையும் அவர் மறைக்கவில்லை. நோபல் பரிசு அவருக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. தம்மை மறுத்தவரின் பெயரால் எழுந்த மேடையில் நின்று இவ்வளவு நேர்மையாகப் பேசுவது எளிதான காரியமல்ல.

பியாட்ரிஸ் டின்ஸ்லியின் கதை இன்னும் கடினமானது. விண்மீன் மண்டலங்கள் காலப்போக்கில் நிறமும் ஒளியும் மாறுகின்றன, அந்த மாற்றத்தைக் கணக்கிடாமல் அண்டத்தின் அளவைப் பற்றிப் பேச முடியாது என்று நிறுவியவர் அவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 1960களில் முனைவர் பட்டம் பெற்றார். அதற்காகக் கணவர் வேலை பார்த்த டாலஸிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்வந்தார். டெக்சாஸில் தகுந்த நிலையான பதவி அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. 1970களின் நடுவில் யேலுக்குப் போனார். 1981இல், நாற்பதே வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. இன்று அதே ஆஸ்டினில் டின்ஸ்லி பெயரில் ஒரு வருகைப் பேராசிரியர் பதவி இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து தேர்ந்த வானியலாளர்கள் அந்தப் பெயரில் அழைக்கப்பட்டு அங்கே வந்து தங்குகிறார்கள்.

இழந்தவையும் உண்டு. நூல் போய்விட்டது. சில்லிமன் சொற்பொழிவை நூலாக்கும் ஆறு ஆண்டுகளில் சந்திரசேகர் தாம் பேசியதைத் தாமே மறுபடி சோதித்தார். இன்று சொற்பொழிவு முடிந்த மறுநாளே காணொளி ஏறிவிடுகிறது, பேசியவரும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். கரும்பலகையும் அருகி வருகிறது. கருந்துளைகள் இரண்டு மோதி ஒன்றாவதைக் கணினி வரைந்து காட்டும்போது அரங்கமே மூச்சுப் பிடித்துப் பார்க்கும், நானும் பார்ப்பேன். ஆனால் ஒருவர் சமன்பாட்டை வரிவரியாக எழுதிப் போகும்போது எந்த வரியில் ஒரு துணிச்சலான அனுமானம் நுழைகிறது என்று மாணவர் கண்டுபிடித்துவிடுவார். படத்தில் அந்த இடம் தெரிவதில்லை.

எல்லாவற்றையும்விட நேரம்தான் சுருங்கிவிட்டது. பல துறைகளில் இன்றைய சிறப்பு விருந்தினரின் வருகை இரண்டு நாள்தான். மாலையில் பொதுமக்களுக்கு ஒரு பேச்சு, மறுநாள் துறையினருக்கு ஒரு கருத்தரங்கு, இடையில் அரைமணி அரைமணியாக வெட்டப்பட்ட சந்திப்புகளின் பட்டியல். பட்டியலின் அரைமணிகளைப் பேராசிரியர்கள் முதலில் நிரப்பிக்கொள்கிறார்கள். மாணவர்களுக்கு ஒரு மதிய உணவு வேளை ஒதுக்கப்படும். பதினைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் கூச்சமில்லாத இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள். செய்தி எல்லோருக்கும் கிடைத்துவிட்ட காலத்தில் ஆள் நேரில் வருவதன் பயனே உரையாடல்தான் என்றாகிவிட்டது. அதற்கான நேரத்தையே நாம் குறைத்துவிட்டோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதை உணர்ந்த இடங்களும் இருக்கின்றன. மியூனிக்குக்கு அருகே கார்ஷிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானியற்பியல் நிறுவனம், அதன் முதல் இயக்குநர் லுட்விக் பியர்மன் பெயரில் ஒருவரை அழைக்கிறது. வால்மீன்களின் வாலைப் பார்த்தே சூரியனிலிருந்து துகள்கள் ஓயாமல் வெளியேறுவதை ஊகித்த கோட்பாட்டாளர் பியர்மன். அழைக்கப்படுபவர் ஒரு மாத அளவுக்கு அங்கேயே தங்கி, சில சொற்பொழிவுகள் தந்து, மீதி நாள்களில் அங்குள்ளவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார். சந்தேகம் வந்தால் நடைவழியில் நிறுத்திக் கேட்கலாம், பதில் சரியாக இல்லையென்றால் அடுத்த வாரமும் கேட்கலாம். அறக்கட்டளைப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1950களின் இறுதியில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் குடும்ப இல்லமான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அந்த வீட்டுக்கு அழைத்தார். 1960இல் நீல்ஸ் போர் வந்தார். அங்கே கண்ட இளைஞர்களைப் பற்றி அவர் புகழ்ந்து பேசியது செய்தித்தாள்களில் வந்தது, அமைச்சர் சி. சுப்பிரமணியம் வழியாக விஷயம் நேருவரை போனது. 1962 ஜனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் மாநிலக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. தொடங்கிவைத்தவர் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் சந்திரசேகர். தரமணியில் இன்று அந்த நிறுவனம் இருக்கிறது. விருந்தினர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசியது ஒரு நிறுவனமாகவே வளர்ந்திருக்கிறது.

நம் கல்லூரிகளிலும் அறிவியல் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பெருகி வருகின்றன. பழைய மாணவர்கள் கொடுக்கிறார்கள், பெற்றோர் நினைவாகப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அவை குத்துவிளக்கு, வரவேற்புரை, சொற்பொழிவு, பொன்னாடை, நன்றியுரை என்று ஒரு மணி பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. விருந்தினரை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வாசலில் கார் நிற்கிறது. கொடுப்பவர்களிடம் நான் கேட்பது சிறிய விஷயம். விருந்தினர் விடுதியில் கூடுதலாக ஓர் இரவு. மறுநாள் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை ஒரு சிறிய வகுப்பறையும் கரும்பலகையும். ஆசிரியர்கள் யாரும் உள்ளே வராமல், இளங்கலை முதலாண்டு மாணவர்வரை விருப்பப்பட்ட எவரும் தன் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காரலாம் என்ற அனுமதி. அறக்கட்டளைப் பத்திரத்தில் இதற்கு இரண்டு வரி சேர்த்தால் போதும், ஆண்டுக்கு ஆகும் கூடுதல் செலவு ஓர் அறை வாடகைதான்.